பெரிய துப்பாக்கி, ஈயக் குண்டு, ஒரு வரையாடு!

‘பாஸ், நானே ஈயத்தை உருக்கி, நானே குண்டு வார்த்து, நானே மருந்து அடைச்சு சுடணும்னா எந்தப் பெரிய ரைஃபிள் பெஸ்ட்?’

இந்த வாரம் நம்ம டேபிளுக்கு வந்திருக்கும் கேள்வி இதுதான். கேட்டவர் எமரால்டு பக்கத்துக்காரர். காரணமும் சொல்லியிருக்கார். கேரட் பாத்தியை ராத்திரியோட ராத்திரியா காட்டுப்பன்றி உழுதுட்டுப் போயிடுதாம். காலையில டீ எஸ்டேட் நடுவுல காட்டெருமை ஜம்முனு நிக்குதாம். ‘அந்தக் காலத்துல வெள்ளைக்கார துரைங்க வச்சிருந்த மாதிரி ஒண்ணு நம்மகிட்ட இருந்தா..?’ என்று ஒரு பெருமூச்சும் விட்டிருக்கார்.

ஐயோ, துப்பாக்கியா என்று பேஜைத் திருப்பிடாதீங்க ஃப்ரெண்ட்ஸ். இந்த ஒரு கேள்விக்குள்ள ஃபிசிக்ஸ் இருக்கு, கெமிஸ்ட்ரி இருக்கு, நம்ம நீலகிரியோட ஹிஸ்டரி இருக்கு. கடைசியில நம்ம தலையெழுத்தும் கொஞ்சம் இருக்கு. வாங்க, ஒவ்வொண்ணா பிரிச்சு மேயலாம்.

ஈயமே, ஈயமே!

குண்டு செய்ய ஏன் ஈயம்? ரெண்டே காரணம். ஒண்ணு, செம கனம். ரெண்டு, 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிடும். செம்பு உருக 1085 டிகிரி வேணும். அதனால காட்டுக்குள்ள கேம்ப் போட்ட வேட்டைக்காரன்கூட அடுப்பு மூட்டி, ஈயத்தை உருக்கி, அச்சுல ஊத்தி குண்டு எடுத்துட முடிஞ்சது. அந்தக் காலத்துல துப்பாக்கி வாங்கினா, அதோட குழலுக்கு ஏத்த அச்சும் கூடவே பெட்டியில வரும்.

துப்பாக்கிக் குழல் எவ்வளவு பெருசுன்னு அளக்கறதுக்கும் ஈயத்தைத்தான் வச்சாங்க. ஒரு பவுண்டு ஈயத்துல எத்தனை உருண்டை பிடிக்கலாம்? பன்னிரண்டு உருண்டை பிடிச்சா, அந்த உருண்டை நுழையற குழல் ‘12 போர்’. ஒரு உருண்டை 38 கிராம். நாலே உருண்டைதான்னா ‘4 போர்’. ஒரு உருண்டை 113 கிராம்! அகலம் 26 மி.மீ-க்கு மேல. உங்க பர்ஸுல இருக்கற 10 ரூபா காயினை எடுத்துப் பாருங்க, கிட்டத்தட்ட அந்த சைஸ். இதுல ஒரு தமாஷ், நம்பர் குறையக் குறைய துப்பாக்கி பெருசாகும். ரேங்க் மாதிரின்னு வச்சுக்குங்களேன்!

இந்த ராட்சச சைஸை நிஜமாவே தோள்ல வச்சு சுட்ட ஆள் ஒருத்தர் இருந்தார். பெயர் சாமுவேல் பேக்கர். பின்னாடி நைல் நதியோட மூலத்தைத் தேடிப் போய் ‘சர்’ பட்டம் வாங்கினாரே, அதே பேக்கர்தான். 1840-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கிப்ஸ் என்பவரிடம் சொல்லி ஒரு ரைஃபிள் செய்ய வச்சார். எடை 21 பவுண்டு, அதாவது ஒன்பதரை கிலோ. ஒரு சுடலுக்கு 16 டிராம் கருமருந்து, நம்ம கணக்குல 28 கிராம். அதைத் தூக்கிக்கிட்டு 1845-ல் இலங்கைக்கு வந்தவர், நுவரெலியாவில் குடியேறி யானை வேட்டையாடினார்.

அதே இலங்கையில் மேஜர் ராஜர்ஸ் என்று இன்னொருத்தர். 1400 யானைகளைக் கொன்றதாக அவரைப் பத்திப் பேச்சு. 1845-ல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி செத்துப் போனார். சாமி கணக்கு தீர்த்துடுச்சுன்னு ஊரே பேசிச்சு. இன்னமும் பேசறாங்க.

குண்டு ஏன் குண்டா இருக்கணும்?

இப்போ ஃபிசிக்ஸ் கிளாஸ். பயப்படாதீங்க, அட்டெண்டன்ஸ் எடுக்க மாட்டோம்.

துப்பாக்கிக் குழலுக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு மரை வெட்டியிருப்பாங்க. குண்டு அதுல பிடிச்சுக்கிட்டு பம்பரம் மாதிரி சுத்திக்கிட்டே வெளிய வரும். அதனாலதான் நேரா போகும். அதுக்குப் பேர்தான் ரைஃபிள். ஆனா ஈயம் மெத்து. ரொம்ப வேகமா தள்ளினா மரையைப் பிடிக்காம வழுக்கும். பின்னாடி இருந்து வர்ற சூடான வாயு ஓரத்தை அரிச்சுடும். ஈயம் குழல் முழுக்க அப்பிக்கும். அப்புறம் அடுத்த குண்டு எங்க போகும்னு அந்த ஆண்டவனுக்கே தெரியாது.

ஆக, வார்த்த ஈயக் குண்டுக்கு ஒரு ஸ்பீடு லிமிட் இருக்கு. வேகத்தைக் கூட்ட முடியாதுன்னா வேற எதைக் கூட்டலாம்? எடையை! கேள்வியில் ‘பெரிய ரைஃபிள்’னு வந்ததுக்குக் காரணமே இதுதான். ஈயம்னா மெதுவா போகும், மெதுவா போனா கனமா இருக்கணும், கனமா இருந்தா குழல் பெருசா இருக்கணும்.

ஒரு கணக்கு பார்ப்போம். 1871-ல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்த மார்ட்டினி-ஹென்றி ரைஃபிளின் ஈயக் குண்டு 31 கிராம். வேகம் நொடிக்கு சுமார் 400 மீட்டர். அதுக்கப்புறம் வந்த .303 ரைஃபிளின் குண்டு 11 கிராம்தான். ஆனா மேல செம்பு-நிக்கல் மாதிரி உலோகத்தில் சட்டை போட்டதால நொடிக்கு 740 மீட்டர் பறக்கும். ஆற்றல், அதாவது எனர்ஜி, கணக்குல .303-தான் ஜெயிக்கும். ஆனா எடையை வேகத்தால பெருக்கி வர்ற உந்தம் இருக்கே, மொமென்டம், அதுல மார்ட்டினி ஒன்றரை மடங்கு மேல. எலும்பும் தசையும் சுவர் மாதிரி இருக்கற காட்டெருமைக்கு, உள்ள ஆழமாப் போற கனமான குண்டுதான் வேணும்னு வேட்டைக்காரங்க அடிச்சுச் சொன்னதுக்குக் காரணம் இதுதான்.

நடுவுல ‘எக்ஸ்பிரஸ்’ ரைஃபிள்னு ஒரு ஃபேஷன் வந்துச்சு. 1856-ல் லண்டன் பர்டி கம்பெனி ‘எக்ஸ்பிரஸ் டிரெயின்’னு ஒரு ரைஃபிளுக்குப் பேர் வச்சதுல தொடங்கினது. லேசான குண்டு, நிறைய மருந்து, ரயில் வேகம். மானுக்கு சரி. பெரிய மிருகத்து மேல பட்டா குண்டு தோலோரத்துலயே சிதறிடும். மிருகம் சாகாது. காயத்தோட புதருக்குள்ள போய் நாள்கணக்கா துடிக்கும். துரத்திப் போற ஆளையும் முட்டும். ‘எந்தத் துப்பாக்கி?’ங்கிற கேள்விக்குப் பின்னாடி எப்பவுமே இருந்த நிஜக் கேள்வி இதுதாங்க. அந்த ஜீவன் ஒரே நொடியில போகுமா, இல்லை ஒரு வாரம் அழுகிச் சாகுமா?

அருவங்காடு ஸ்டேஷன்... டீ, காபி, கார்டைட்!

ஊட்டி ரயில்ல போறவங்களுக்கு அருவங்காடு ஸ்டேஷன் தெரியும். குன்னூருக்கும் வெலிங்டனுக்கும் அடுத்தாப்ல, பள்ளத்தாக்குல ஒரு பெரிய ஃபேக்டரி. 1903-ல் கட்டி, 1904-ல் உற்பத்தியை ஆரம்பிச்ச கார்டைட் ஃபேக்டரி. கயிறு மாதிரி நீள நீளமா இருக்கும் புகையில்லா வெடிமருந்துக்குப் பேர்தான் கார்டைட். 1889-ல் ஏபெல், டீவர்னு ரெண்டு விஞ்ஞானிகள் கண்டுபிடிச்சது. நாலு தலைமுறை நீலகிரிக் குடும்பங்களுக்கு இந்த ஃபேக்டரி சோறு போட்டிருக்கு. 2021-லிருந்து ‘மியூனிஷன்ஸ் இந்தியா’ கம்பெனிக்குக் கீழே இயங்குது.

கார்டைட் வந்ததும் ஆட்டமே மாறிப்போச்சு. பழைய கருமருந்து, சுட்டதும் எதிர்ல ஒரு புகை மூட்டம் போடும். யானை செத்துச்சா, நம்ம மேல ஓடி வருதான்னே தெரியாது. கார்டைட்ல அந்தத் தொல்லை இல்லை. .470 ரைஃபிளை எடுத்துக்குங்க. 32 கிராம் குண்டு, நொடிக்கு சுமார் 655 மீட்டர். அஞ்சு கிலோ துப்பாக்கியை அது பின்னுக்குத் தள்ளற வேகம், குண்டை மட்டும் கணக்குல எடுத்தாலே நொடிக்கு நாலு மீட்டர். வாயு தள்ளறது தனி. அஞ்சு கிலோ இரும்பு சைக்கிள் ஸ்பீடுல வந்து உங்க தோளை முட்டினா எப்படி இருக்கும்? அதான்!

ஆனா இந்த ஸ்பீடுக்கு வெறும் ஈயம் தாங்காது, உலோகச் சட்டை போட்ட குண்டுதான் வேணும். வீட்டு அடுப்புல வார்க்கிற காலம் அங்கேயே முடிஞ்சுபோச்சு.

.450-ஐ கண்டு நடுங்கிய சர்க்கார்

அதென்ன .470? .465? .475? .476? லண்டன் கம்பெனிகள் எல்லாம் ஏன் இப்படி மார்க் ஷீட் மாதிரி அடுத்தடுத்த நம்பரா போட்டுத் தள்ளினாங்க? இதுக்குப் பின்னாடி நம்ம நாட்டுக் கதை ஒண்ணு இருக்கு.

1907 வாக்கில் பிரிட்டிஷ் சர்க்கார், .450 அளவு ரைஃபிள்களும் தோட்டாக்களும் இந்தியாவுக்குள்ள வரக் கூடாதுன்னு தடை போட்டது. சூடானுக்கும் அதே தடை. புலி மேல பரிதாபப்பட்டா? அட போங்க! ராணுவத்துல பழசாப்போன மார்ட்டினி-ஹென்றி ரைஃபிளும் .450 சைஸ்தான். அது கலகக்காரங்க கையில சிக்கி, வேட்டைத் தோட்டாவும் குண்டும் அதுக்குத் தீனியாகிடுமோன்னு பயம். துரைமார் வேட்டைக்கு என்ன பண்றது? கொஞ்சம் தள்ளி .465, .470-ன்னு புதுசு புதுசா செஞ்சுக்கிட்டாங்க. இன்னிக்கும் உலகம் முழுக்க பெரிய ரைஃபிள் ரசிகர்கள் கொண்டாடற .470, இந்தியர்களைப் பார்த்து வந்த பயத்துல பிறந்த குழந்தை!

அதுக்கு முன்னாடியே 1878-ல் ஆயுதச் சட்டம் வந்தாச்சு. இந்தியர்கள் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் வேணும். வெள்ளைக்காரங்களுக்கு விலக்கு. அதனால, ‘அந்தக் காலத்துல துரைங்க வச்சிருந்த மாதிரி’ன்னு ஏங்கறப்போ ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். அந்தக் காலத்துல அந்தத் துப்பாக்கி நம்ம தாத்தா கைக்கு சுலபத்துல கிடைச்சிருக்காது. குறிபார்த்துக் கொடுக்கவும், மூட்டை தூக்கவும்தான் அவரைக் கூட்டிப் போயிருப்பாங்க.

சரி, பதில் என்ன?

கேட்ட கேள்விக்கு நேர்மையா பதில் சொல்லிடலாம். வார்த்த ஈயக் குண்டுக்குன்னே உலகத்துல பேர் வாங்கினது, 1873-ல் அமெரிக்க ராணுவத்துக்கு வந்த .45-70. நாற்பத்தைந்துன்னா குழல் அளவு, எழுபதுன்னா கருமருந்து அளவு. 26 கிராம் ஈயக் குண்டு, நொடிக்கு 400 மீட்டர் சுமார். ஈயத்தோட ஸ்பீடு லிமிட்டுக்குன்னே தைச்ச சட்டை மாதிரி. 150 வருஷம் கழிச்சும் அமெரிக்காவில் அதுக்குப் புது ரைஃபிள் செய்யறாங்க. லைசென்ஸோட வேட்டை நடக்கற அங்க, தானே குண்டு வார்க்கிறவங்க மூணு விஷயம் பார்ப்பாங்க. குண்டு குழலைவிட ஒரு நூலிழை பெருசா இருக்கா? ஈயத்துல வெள்ளீயமும் ஆன்டிமனியும் சேர்த்து தேவையான கெட்டி வந்திருக்கா? குழல் உள்ளே வழவழன்னு இருக்கா? முதல் விஷயம் சரியா அமையலைன்னா மத்த ரெண்டும் வேஸ்ட். கல்யாணத்துக்கு மட்டுமில்லை பாஸ், குண்டுக்கும் பொருத்தம்தான் முக்கியம்!

ஒரு கொசுறு. பழைய பிரிண்டிங் பிரஸ்ல எழுத்து வார்க்க வச்சிருந்த உலோகமும் இதே ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி கலவைதான். அச்சுக்கூடங்கள் மூடினப்போ அமெரிக்கக் குண்டு வார்ப்பாளர்கள் அதைப் போட்டி போட்டு வாங்கினாங்க. நேத்து செய்தி அச்சடிச்ச எழுத்து இன்னிக்கு குண்டு!

அங்கயும் நிலைமை மாறிக்கிட்டே இருக்கு. வேட்டையில சிதறின ஈயத்தைத் தின்னு கலிஃபோர்னியாவில் காண்டார் கழுகுகள் விஷமேறிச் செத்ததால, 2019 ஜூலை முதல் அந்த மாநிலத்தில் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாதுன்னு சட்டம்.

இது அமெரிக்காவுக்கான பதில். எமரால்டுக்கான பதில் வேற.

சட்டம் என்ன சொல்லுதுன்னா...

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போ வேட்டைங்கிற விளையாட்டே நம்ம நாட்டுல கிடையாது. சுடறது மட்டுமில்லை, கண்ணி வைக்கிறதும், பொறி வைக்கிறதும், அதுக்கு முயற்சி பண்றதும்கூட சட்டப்படி வேட்டைதான். காட்டெருமையும் வரையாடும் முதல் அட்டவணையில் இருக்கு. மாட்டினா மூணு வருஷத்துல இருந்து ஏழு வருஷம் உள்ள.

அடுத்தது 1959 ஆயுதச் சட்டம். 21 வயசுக்குக் கீழ லைசென்ஸ் கிடையாது. காலேஜ்ல பாதிப் பேர் இதுலயே அவுட்! 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒருத்தர் ரெண்டு துப்பாக்கிக்கு மேல வச்சுக்க முடியாது. லைசென்ஸ் இல்லாம துப்பாக்கியோ தோட்டாவோ தயாரிச்சா குறைஞ்சது ஏழு வருஷம், ஆயுள் வரைக்கும் போகலாம். ‘நானே வார்த்து, நானே அடைச்சு’ங்கிற ஆசைக்கு இங்க விலை அதுதான். இதை விளையாட்டா சொல்லலை. நாட்டுத் துப்பாக்கியோட பிடிபட்டு, படிப்பும் போய், பாஸ்போர்ட்டும் கிடைக்காம, அரசு வேலைக் கனவும் கலைஞ்சு நிக்கறது ஒரு ராத்திரி வேலை.

அப்போ கேரட் போச்சே, அதுக்கு யார் பதில்? நியாயமான கேள்வி. தோட்டம் வச்சிருக்கறவன் வயிற்றெரிச்சல், டவுன்ல உட்கார்ந்து ‘சேவ் அனிமல்ஸ்’ பேசறவங்களுக்குப் புரியாது. பயிர்ச் சேதத்துக்கு வனத்துறை இழப்பீடு கொடுக்குது. சேதம் நடந்த உடனே போட்டோ எடுத்து, வி.ஏ.ஓ.கிட்டயும் ஃபாரஸ்ட் ஆபீஸ்லயும் எழுதிக் கொடுக்கணும். நம்ம ஊர்ல பெரியவங்க பாதிப் பேர் அலைச்சலுக்குப் பயந்தே மனு போடறதில்லை. மனு எழுதத் தெரிஞ்ச நீங்க அங்க உட்கார்ந்து நாலு குடும்பத்துக்கு எழுதிக் கொடுத்தா, அது ஒரு ரைஃபிளைவிடப் பெரிய உதவி.

காட்டுப்பன்றி விஷயத்துல 2025 ஜனவரியில் தமிழக அரசே ஒரு முடிவு எடுத்தது. காப்புக்காட்டு எல்லையில் இருந்து மூணு கிலோமீட்டர் தாண்டி வர்ற பன்றிகளை வனத்துறையோட பயிற்சி பெற்ற ஆட்கள் மட்டும் சுடலாம். ஒரு கிலோமீட்டருக்குள்ள சுடவே கூடாது. இடைப்பட்ட தூரத்துல பிடிச்சு காட்டுல விடணும். காட்டை ஒட்டியே இருக்கற எமரால்டு மாதிரி ஊர்களுக்கு இது முழு மருந்தில்லைங்கிறது நிஜம். அதைச் சட்டப்படி கேட்டு, கிராம சபையில பேச வேண்டியதும் உங்க தலைமுறைதான்.

துப்பாக்கி பிடிச்ச கை, நோட்டு பிடிச்ச கதை

எமரால்டு டேமைத் தாண்டி அவலாஞ்சி, அதுக்கு மேல முக்குருத்தி. 78 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா. நம்ம மாநில விலங்கான வரையாட்டோட வீடு. வெள்ளைக்காரங்க இதை ‘ஐபெக்ஸ்’னு தப்பாக் கூப்பிட்டு சுட்டுத் தள்ளினாங்க. சுட்டுச் சுட்டு, 1870-களில் அவங்களுக்கே பகீர்னு ஆயிடுச்சு. இப்படியே போனா சுட ஒண்ணும் மிஞ்சாது! 1877-ல் நீலகிரி கேம் அசோசியேஷன் தொடங்கினாங்க. 1879-ல் நீலகிரிக்குன்னே தனியா வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பெண் ஆட்டைச் சுடக் கூடாது, முதுகுல வெள்ளை விழுந்த கிழட்டுக் கடாவை மட்டும்தான் சுடலாம்னு கட்டுப்பாடு வச்சாங்க. அவங்க சுயநலம்தான். ஆனா ஆடு பிழைச்சுது.

அந்தச் சங்கத்தோட வழியில வந்தவர் குன்னூர் வக்கீல் ஈ.ஆர்.சி. டேவிதார். 1975-ல் வரையாடுகளைப் பத்தின முன்னோடி ஆய்வைச் செய்தார். மலை மலையா ஏறி, பனியில நின்னு, ஒவ்வொண்ணா எண்ணினார். அவர் பிறந்த நாளான அக்டோபர் 7-ஐத்தான் தமிழக அரசு ‘வரையாடு தினம்’னு கொண்டாடுது. 2023-ல் ‘நீலகிரி வரையாடு திட்டம்’ தொடங்கிச்சு. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 ஆடுகள். 2025-ல் 1,303. ஒரு பெரிய காலேஜோட மொத்த ஸ்டூடன்ட்ஸைவிடக் கம்மி! அவ்வளவுதான் மிச்சம்.

யோசிச்சுப் பாருங்க. நூறு வருஷமா எத்தனையோ பேர் .450, .470, எக்ஸ்பிரஸ்னு விதவிதமா தூக்கிக்கிட்டு அந்த மலை ஏறினாங்க. அவங்க பேர் எத்தனை நமக்குத் தெரியும்? ஒரு நோட்டும் பைனாகுலரும் எடுத்துக்கிட்டு ஏறினவர் பேருக்கு ஒரு நாளையே கொடுத்திருக்கோம்.

சுடணும்னு கை துறுதுறுங்குதா?

அதுக்கும் வழி இருக்கு. காலேஜ் என்.சி.சி.யில சேருங்க. .22 ரைஃபிள்ல ஃபயரிங் உண்டு. அரசே கத்துக்கொடுக்கும், செலவும் இல்லை. இல்லைன்னா 10 மீட்டர் ஏர் ரைஃபிள். 20 ஜூலுக்குள்ள இருக்கற .177 ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம் (அதை வச்சு குருவி அடிச்சா அதுவும் வேட்டைதான், ஜாக்கிரதை!). பத்து மீட்டர் தூரத்துல, அரை மில்லிமீட்டர் புள்ளியை அடிக்கணும். அந்த நொடியில மூச்சு, இதயத் துடிப்பு, மனசு மூணையும் நிறுத்தி வைக்கணும். சென்னையில் பிறந்த ககன் நரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இதுல வெண்கலம் வாங்கினார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ்னு ரெண்டு ஒலிம்பிக்ல ஆடிட்டாங்க. அந்தக் குண்டும் ஈயம்தான். எடை அரை கிராம் சுமார்.

நுவரெலியாவில் பேக்கர் சுட்டது 100 கிராம் குண்டு. இளவேனில் சுடறது அரை கிராம் குண்டு. எதுக்குத் திறமை ஜாஸ்தி வேணும்? நீங்களே சொல்லுங்க!

அடுத்த வாரம் வேற கேள்வியோட சந்திப்போம். அதுவரைக்கும், அவலாஞ்சி பக்கம் போனா பாறை மேல கொஞ்சம் கண்ணை ஓட்டுங்க. எண்ணத் தெரிஞ்சவங்களுக்கு அங்க வேலை இன்னும் மிச்சம் இருக்கு.